போர்முனைக்குப் புறப்பட்ட நர்சுகள்

ஊசி போடத் தெரியும். கட்டுப் போடத் தெரியும். ஆபரேஷன் நடக்கும்போது டாக்டர் பக்கத்தில் நின்று, அவர் கேட்பதற்கு முன்பே கத்தியையும் கத்தரியையும் எடுத்துக் கொடுக்கத் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த ஒரு நர்சு, ராணுவத்தில் சேருகிறார். கடல் கடந்து போர்முனைக்குப் போகிறார். அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிடம் இருக்காது, கூடாரம்தான் இருக்கும். திறந்தால் தண்ணீர் கொட்டும் குழாய் இருக்காது. மின்சார விளக்கு இருக்காது. தலைக்கு மேல் எதிரியின் விமானம் பறக்கும்.

அப்போது ஆஸ்பத்திரியில் கற்ற தொழில் மட்டும் போதுமா?

போதாது என்பதை 2-வது உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் தெரிந்துகொண்டது. சும்மா தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. அதன் பிறகு நர்சுகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் முறையே மாறியது. அந்த மாறுதலில் நமது நாட்டிலிருந்து புறப்பட்ட ஒரு விமானத்துக்கும் பங்கு உண்டு.

கடற்கரையில் முதல் பாடம்

அமெரிக்க ராணுவத்தில் நர்சுகளுக்கென்று தனிப் பிரிவு 1901-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந்தேதி ஏற்படுத்தப்பட்டது. 1941-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பான், முத்துத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. அமெரிக்கா போரில் இறங்கியது. ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள், ராணுவ நர்சுகளாகச் சேர்ந்தார்கள்.

அவர்கள் எல்லாரும் முறையாகப் படித்துத் தேறியவர்கள். ஆனால் ராணுவம் என்றால் என்ன என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. யாருக்கு சல்யூட் அடிப்பது என்பதுகூடத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தலைமை நர்சு சொல்லிக் கொடுத்ததுதான் பாடம்.

1942-ம் ஆண்டு நவம்பர் 8-ந்தேதி அமெரிக்கப் படை வட ஆப்பிரிக்காவில் இறங்கியது. அல்ஜீரியா நாட்டில் அர்சூ என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே சிப்பாய்களோடு நர்சுகளும் இறங்கினார்கள்.

கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய இரும்பு ஏணி வழியாக இறங்கி, கீழே ஆடிக்கொண்டிருந்த சிறு படகுகளில் ஏற வேண்டும். ஒரு படகில் 5 நர்சுகள், 3 டாக்டர்கள், 20 சிப்பாய்கள். நர்சுகளின் தலையில் இரும்புத் தொப்பி, முதுகில் மூட்டை. சிப்பாய்களிடம் துப்பாக்கி இருந்தது, நர்சுகளிடம் இல்லை. கையில் கட்டியிருந்த செஞ்சிலுவைப் பட்டைதான் அவர்களுக்கு அடையாளம்.

படகு கரை வரை போகவில்லை. தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். மறைந்திருந்த எதிரிகள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நர்சுகள் ஒரு மணல் மேட்டுக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தார்கள்.

பிறகு, கைவிடப்பட்டுக் கிடந்த ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி உத்தரவு வந்தது. அங்கே விளக்கு இல்லை, தண்ணீர் இல்லை. தாங்கள் சுமந்து வந்த மருந்தைத் தவிர வேறு மருந்து இல்லை. கட்டில்கள் போதவில்லை. காயம் அடைந்தவர்கள் சிமெண்டுத் தரையில் கிடந்தார்கள். நர்சுகள் கை விளக்கைப் பிடிக்க, அந்த வெளிச்சத்தில் டாக்டர்கள் ஆபரேஷன் செய்தார்கள்.

அந்த நர்சுகள் சளைக்கவில்லை. துணிச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் முன்கூட்டியே பழக்கியிருந்தால், இதே வேலையை இவ்வளவு தவிப்பு இல்லாமல் செய்திருப்பார்களே!

கராச்சியிலிருந்து ஒரு விமானம்

இரண்டே மாதத்தில் இன்னொரு சம்பவம் நடந்தது. இது நடந்த இடம், அன்று இந்தியாவில் இருந்த கராச்சி நகரம்.

எல்சி ஆட் என்பவர் அங்கே அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தார். லெப்டினன்ட் பதவி வகித்தவர். 1943-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவருக்கு ஓர் உத்தரவு வந்தது. 5 நோயாளிகளை விமானத்தில் ஏற்றி, அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். புறப்பட 24 மணி நேரம்தான் அவகாசம்.

எல்சி ஆட் அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை!

அந்த 5 பேரும் சாதாரண நோயாளிகள் அல்ல. 2 பேருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஒருவருக்குக் காசநோய். ஒருவருக்குக் கண் நோய். ஒருவர் மனநிலை பாதிக்கப்பட்டவர். கப்பலில் போவதானால் வாஷிங்டன் போய்ச் சேரச் சுமார் 3 மாதம் ஆகும். நோயாளிகள் தாங்க மாட்டார்கள்.

விமானத்தில் டாக்டர் கிடையாது. உதவிக்கு ஒரே ஒரு மருத்துவப் படை வீரர். அவரும் சிறுநீரக நோயாளி. எல்சி ஆட் போர்வைகளையும் முதலுதவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். ஜனவரி 17-ந்தேதி விமானம் கிளம்பியது.

அரேபியக் கரை, ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் கடல், பிரேசில் என்று இடையிடையே இறங்கி ஏறி, விமானம் 10 ஆயிரம் மைலுக்கு மேல் பறந்தது. வழியில் இன்னும் சில நோயாளிகளும் ஏற்றப்பட்டார்கள். ஒரு வாரத்துக்குள் வாஷிங்டன் வந்து சேர்ந்தது. இவ்வளவு தூரம், கண்டம் விட்டுக் கண்டம் நோயாளிகளை விமானத்தில் கொண்டுபோனது அதுதான் முதல் முறை.

வந்து இறங்கியதும் எல்சி ஆட் ஓய்வெடுத்துக்கொண்டதோடு நின்றுவிடவில்லை. வழியில் எதெல்லாம் இல்லாமல் தவித்தாரோ, அதையெல்லாம் எழுதி மேலதிகாரிகளிடம் கொடுத்தார்.

மூச்சுத் திணறுபவர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். கட்டுப் போடும் துணி அதிகம் வேண்டும். போர்வை இன்னும் வேண்டும். சூடான காப்பி கூடுதலாக வேண்டும். நர்சுகள் பாவாடை உடுத்திக்கொண்டு விமானத்தில் ஏறி இறங்கி வேலை செய்ய முடியாது, கால்சட்டை வேண்டும்.

பெரிய தத்துவம் ஒன்றும் அதில் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தூர தேசப் பிரயாணம் போய் வந்த தாய், அடுத்த முறைக்கு எழுதி வைக்கும் சாமான் பட்டியல் மாதிரிதான் அது. ஆனால் அனுபவத்தில் எழுதிய பட்டியல் ஆயிற்றே!

ராணுவம் எல்சி ஆட்டுக்கு விமானப் பதக்கம் கொடுத்தது. அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவர்தான். பதக்கம் வாங்கிய பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? விமான நர்சுகளுக்கான பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். ஆகாயத்தில் நோயாளிகளைக் கவனிப்பது எப்படி என்று முறையாகக் கற்றுக்கொண்டு, அதே ஆண்டில் மீண்டும் இந்தியாவுக்கு வந்து வேலை பார்த்தார்.

4 வாரப் படிப்பு

1943-ம் ஆண்டு ஜூலை மாதம் முதல், புதிதாகச் சேரும் ராணுவ நர்சு ஒவ்வொருவரும் 4 வாரப் பயிற்சி பெற வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. இதற்காக 15 பயிற்சி நிலையங்கள் நடந்தன. 1945-ம் ஆண்டு செப்டம்பர் வரை 27 ஆயிரத்துக்கும் அதிகமான நர்சுகள் இந்தப் பயிற்சியை முடித்தார்கள்.

அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?

ராணுவத்தின் அமைப்பு, சட்டதிட்டம், மரியாதை முறைகள். மருந்தும் சாமானும் கேட்டு எழுதும் முறை. பொறுப்பில் உள்ள பொருள்களுக்குக் கணக்கு வைப்பது. இவை ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், உயிரைக் காத்துக்கொள்ளும் வித்தை. விமானம் வந்தால் எப்படிப் பதுங்குவது? விஷவாயு வந்தால் முகமூடியை எப்படி மாட்டுவது? கூடாரம் அடிப்பது எப்படி? குடிதண்ணீரைச் சுத்தம் செய்வது எப்படி? கக்கூசை எங்கே தோண்டுவது? மூட்டையைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடக்கவும் பழக்கினார்கள்.

"நோயாளியைப் பார்க்க வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கலாம். காரணம் எளிது. நர்சு படுத்துவிட்டால், அவர் பார்க்க வேண்டிய நோயாளிகளை யார் பார்ப்பது? கெட்ட தண்ணீரைக் குடித்து ஒரு நர்சுக்குச் சீதபேதி கண்டால், ஒரு கூடாரமே கவனிப்பார் இல்லாமல் போய்விடும்.

இதைத் தவிரத் தனிப் பயிற்சிகளும் உண்டு. மயக்க மருந்து கொடுப்பதற்கு 6 மாதப் படிப்பு. இதில் 2 ஆயிரத்துக்கும் அதிகமான நர்சுகள் தேறினார்கள். மயக்க மருந்து கொடுக்க டாக்டர் கிடைக்காத குறையை இவர்கள் தீர்த்தார்கள்.

கப்பல் ஏறும் முன்பு

வெளிநாட்டுக்குப் போக உத்தரவு வந்துவிட்டால், முதல் வேலை தடுப்பு ஊசி. அம்மை, டைபாய்டு, தனுர்வாயு என்று வரிசையாகப் போடுவார்கள். ஆசியாவுக்குப் போகிறவர்களுக்குக் காலராத் தடுப்பு ஊசியும் உண்டு. பிறருக்கு ஊசி போட்டே பழகியவர்கள், கை வீங்கிப் படுத்தார்கள்!

பிறகு சாமான் கட்டுவது. கழுத்தில் பெயர் பொறித்த தகடு, இரும்புத் தொப்பி, முகமூடி, தண்ணீர்க் குடுவை, சுருட்டிக் கட்டிய படுக்கை. இந்த இரும்புத் தொப்பி இருக்கிறதே, அது போர்முனையில் நர்சுகளுக்குப் பல விதத்தில் உதவியது. தலையைக் காக்கும். கவிழ்த்துப் போட்டால் உட்காரும் ஆசனம். நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினால், அதுவே முகம் கழுவும் பாத்திரம். துணி துவைக்கும் தொட்டி!

உடைதான் பெரிய தொல்லை. ஆஸ்பத்திரியில் உடுத்தும் வெள்ளை உடுப்பு சேற்றுக்கும் புழுதிக்கும் ஆகாது. முதலில் போனவர்கள், ஆண்களுக்குத் தைத்த சட்டையையும் கால்சட்டையையும் சுருட்டி மடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

எந்த நாட்டுக்குப் போகிறோம் என்பது நர்சுகளுக்கே தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது. கப்பல் போகும் வழி எதிரிக்குத் தெரிந்தால் அத்தனை பேரும் கடலுக்கு இரையாக வேண்டியதுதான். வீட்டுக்கு எழுதும் கடிதத்தை அதிகாரிகள் படித்துப் பார்த்தே அனுப்பினார்கள்.

வீட்டு விவகாரங்களையும் ஒழுங்கு செய்ய வேண்டும். சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்குப் போக வேண்டும், இன்ஷூரன்சுப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண் இப்படி எழுதும்போது, பெற்றவர்களின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

ஆகாயத்தில் ஆஸ்பத்திரி

விமான நர்சுகளுக்குப் பயிற்சி கொடுத்த இடம், கென்டக்கி மாநிலத்தில் உள்ள போமன் பீல்டு. முதல் வகுப்பில் 39 நர்சுகள் 1943-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந்தேதி தேறி வெளிவந்தார்கள்.

உயரே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். மூச்சு முட்டும். வயிற்றில் உள்ள வாயு விரிந்து வலிக்கும். மார்பில் காயம் பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம். குளிரும் வாட்டும். இதற்கெல்லாம் என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். விமானம் கடலில் விழுந்தால் நோயாளிகளோடு எப்படித் தப்புவது என்பதும் பாடத்தில் சேர்த்தி.

விமானத்தில் அடுக்கடுக்காகத் தூக்குக் கட்டில்களை மாட்டி, 24 பேர் வரை ஏற்றுவார்கள். பறக்கும்போது டாக்டர் இல்லை. நர்சும் ஓர் உதவியாளரும்தான். எந்த முடிவானாலும் நர்சே எடுக்க வேண்டும்.

அந்த விமானங்களில் செஞ்சிலுவைச் சின்னம் போட முடியாது. ஏன் என்றால், போகும்போது அவை போர்ச் சாமான்களைக் கொண்டு போயின. திரும்பும்போதுதான் நோயாளிகளை ஏற்றின. அதனால் எதிரி சுட்டால் கேள்வி இல்லை.

இப்படிப் பறந்த நர்சுகள் சுமார் 500 பேர். அவர்களில் 17 பேர் உயிர் இழந்தார்கள். போர்க் காலம் முழுவதும் விமானத்தில் கொண்டுசெல்லப்பட்ட நோயாளிகள் 11 லட்சத்து 76 ஆயிரம் பேர். வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 46 பேர்தான்!

கூடாரத்தின் மீது குண்டு

இத்தாலியில் அன்சியோ என்ற கடற்கரை. 1944-ம் ஆண்டு தொடக்கத்தில் அங்கே கடும் சண்டை. ஆஸ்பத்திரிக் கூடாரங்களைப் போர்முனைக்குத் தள்ளி வைக்க இடமே இல்லை. எதிரியின் பீரங்கிக் குண்டு அங்கேயும் வந்து விழுந்தது.

பிப்ரவரி 7-ந்தேதி ஒரு ஜெர்மன் விமானம் வீசிய குண்டுகள் ஓர் ஆஸ்பத்திரியின் மேல் விழுந்தன. நோயாளிகளோடு நர்சுகளும் மாண்டார்கள். 10-ந்தேதி இன்னோர் ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்து 2 நர்சுகள் இறந்தார்கள். விளக்கு அணைந்தது. கூடாரம் தீப்பற்றியது. மற்ற நர்சுகள் ஓடவில்லை. கை விளக்குகளை வைத்துக்கொண்டு, 42 நோயாளிகளையும் வெளியே கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எல்லென் ஐன்ஸ்வொர்த் என்ற 24 வயது நர்சு, குண்டு விழத் தொடங்கியதும் நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் படுக்க வைக்கச் செய்தார். சிதறி வரும் குண்டுத் துண்டு, தரையோடு படுத்திருப்பவரை எளிதில் தாக்காது. நோயாளிகள் பிழைத்தார்கள். அவர் காயம் அடைந்து, பிப்ரவரி 16-ந்தேதி இறந்தார்.

அன்சியோவில் இறந்த நர்சுகள் மொத்தம் 6 பேர். வீரத்துக்கான வெள்ளி நட்சத்திரப் பதக்கம் அங்கே 4 நர்சுகளுக்குக் கிடைத்தது. அவர்களில் எல்லெனும் ஒருவர்.

அசாம் காட்டில்

இந்தியாவிலும் அமெரிக்க நர்சுகள் வேலை செய்தார்கள். அசாமில் லிடோ என்ற ஊரிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குச் சாலை போடப்பட்டது. அதன் அருகே மார்கெரிட்டா என்ற இடத்தில் பெரிய ராணுவ ஆஸ்பத்திரி 1943-ம் ஆண்டு அமைந்தது.

மூங்கில் சுவர், கூரை வேய்ந்த கொட்டகை, மண் தரை. மழை பெய்தால் எங்கும் சேறு. துப்பாக்கிக் காயத்தைவிடக் காய்ச்சல்தான் அங்கே பெரிய எதிரி. மலேரியா ஒரு பக்கம். உண்ணிக் காய்ச்சல் இன்னொரு பக்கம். புல்லிலும் புதரிலும் இருக்கும் சிறு பூச்சி கடித்து வருவது இது.

உண்ணிக் காய்ச்சலுக்கு அப்போது மருந்தே கண்டுபிடிக்கப்படவில்லை. பிறகு என்ன வைத்தியம்? நர்சுதான் வைத்தியம்! ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துச் சூட்டைத் தணிப்பார். கரண்டி கரண்டியாகக் கஞ்சியும் தண்ணீரும் புகட்டுவார். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பார். இரவும் பகலும் இப்படிப் பார்த்ததால் நோயாளிகள் பலர் பிழைத்தார்கள்; ஆனால் எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை.

நர்சுகள் தங்களையும் காத்துக்கொண்டார்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரையைத் தவறாமல் விழுங்கினார்கள். அந்த மாத்திரையால் தோல் மஞ்சளாகும். ஆனாலும் விடவில்லை. மாலையானால் முழுக்கைச் சட்டை. இரவில் கொசு வலை.

நமது நாட்டு நர்சுகள்

2-வது உலகப் போரில் 59 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் அமெரிக்க ராணுவ நர்சுகளாகப் பணிபுரிந்தார்கள். 201 பேர் திரும்பவில்லை. அவர்களில் எதிரியின் தாக்குதலால் இறந்தவர்கள் 16 பேர். மற்றவர்கள் நோயாலும் விபத்தாலும் மாண்டவர்கள்.

நமது நாட்டில் ராணுவ நர்சுப் பணிக்கு 1888-ம் ஆண்டு வித்து ஊன்றப்பட்டது. அந்த ஆண்டு மார்ச் 28-ந்தேதி 10 ஆங்கிலேய நர்சுகள் பம்பாயில் வந்து இறங்கினார்கள். 1926-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி இந்திய ராணுவ நர்சுப் பிரிவு நிரந்தரமாக ஏற்பட்டது. 1943-ம் ஆண்டு அவசரச் சட்டத்தின்படி நர்சுகள் அதிகாரிகள் ஆனார்கள்.

இந்தப் பிரிவைச் சேர்ந்த கெர்ட்ரூட் ஆலிஸ் ராம், 1976-ம் ஆண்டு மேஜர் ஜெனரல் ஆனார். இந்தியப் படையில் அந்தப் பதவிக்கு உயர்ந்த முதல் பெண் அவரே. ஐக்கிய நாடுகள் சபையின் அமைதிப் படைகளுக்கு உதவியாக, இந்திய ராணுவ ஆஸ்பத்திரிகளும் காங்கோ, தெற்கு சூடான் முதலிய நாடுகளுக்குச் சென்றிருக்கின்றன.

புனே, பெங்களூர், டெல்லி முதலிய ஊர்களில் ராணுவ நர்சுக் கல்லூரிகள் இருக்கின்றன. நீட் தேர்வு எழுதிய பெண்கள் விண்ணப்பம் போடலாம். 4 ஆண்டுப் படிப்பு. முடித்துத் தேறியவர்களுக்கு லெப்டினன்ட் பதவி.

"எங்கள் பெண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்று தாய் தந்தையர் தயங்குவது இயற்கைதான். எந்தக் காலத்துப் பெற்றோரும் அப்படித்தான் தயங்கியிருக்கிறார்கள். ஆனால் 24 மணி நேர அவகாசத்தில், போர்வையும் முதலுதவிப் பெட்டியுமாக ஒரு நர்சை விமானத்தில் ஏற்றி அனுப்பிய நிலை மாறிவிட்டது. கூடாரம் அடிப்பதிலிருந்து குடிதண்ணீர் காய்ச்சுவது வரை பழக்கி, அதன் பிறகே கடல் கடக்க அனுப்புகிறார்கள். எல்சி ஆட் எழுதிக் கொடுத்தது போன்ற பட்டியல்கள்தான் அதற்கு வழி காட்டின.